ஆமிச்சட்டை

பகலில் எனக்குச் சம்பளம்
அவற்றைக் கொல்ல.
சீனன்குடா மாவாலையில்
ஒட்டுப்பொறி எண்ணுவது என் வேலை.
இரண்டாம் மாடி, பதினேழு.
சல்லடை அறை, நாற்பத்தொன்று.
பெண்ணின் வாசம் பூசிய இறப்பர்த் துண்டை நம்பி வந்து
பசையில் செட்டை விரித்துக் கிடக்கும்
சாம்பல் நிற ஆண்கள்.
எண்ணி, திகதி போட்டு, கையெழுத்து வைத்து
எரிக்க அனுப்புவேன்.

இரவில்
மனையாவெளியில், பின்வளவில்,
உடுப்புக்கொடியில் ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பு.
கடையை மூடிய யோகேந்திரன்
அரைவிலைக்குத் தந்த
கள்ளநோட்டுப் பார்க்கும் நீல விளக்கு.
நல்ல நோட்டு எது என்று சொன்ன வெளிச்சம்,
காய்ந்த இலை எது
காய்ந்த இலையாய் நடிக்கிறது எது
என்று மட்டும் சொல்லாது.

பறுவத்தன்று ஒன்றும் வராது.
நிலவோடு மல்லுக்கட்ட
இந்த விளக்குக்கு வக்கில்லை.
அன்றைக்கு
அழுகல் கதலி, சக்கரை, ஒரு போத்தல் கள்ளு,
பிசைந்து வேம்பில் பூசுவேன்.
கள்ளு ஆருக்கு, பிள்ளை?
பூச்சிக்கு என்றால்
தவறணை முழுக்கச் சிரிக்கும்.
போன பறுவத்தில்
விடியப் பார்த்தால்
மரம் துடைத்த மாதிரி.
கோட்டைப் பக்க மானொன்று
நக்கிவிட்டுப் போயிருந்தது.
எப்படி நடந்து போனதோ.

இங்கு வருகிற முக்கால்வாசிக்குத்
தமிழில் பேரில்லை. நான் வைத்தேன்.
பழைய சாரம்.
தேத்தண்ணிக் கறை.
றிஸ்மியா ரீச்சரின் புருவம்
(அவவுக்குத் தெரியாது).
பிறகு, பச்சைக்குள் பச்சை, அதற்குள் வெள்ளை,
மடிப்புக் குலையாத
ஆமிச்சட்டை.

அதன் முட்டைகள்
நந்தியாவட்டை இலைக்கு அடியில்
பதினொன்று கிடைத்தன.
பால்மா டின்னில் வளர்த்தேன்.
இரண்டு நாளுக்கொரு பை இலை
மதிலுக்கு மேலால் வரும்.
"உங்கட ஆக்கள் திண்டு முடிச்சிட்டாங்களா?"
தொட்டால் கழுத்தை உள்ளிழுத்து
இல்லாத கண்ணிரண்டை நீலமாய் விழிக்கும் புழு.
இரவிரவாய் மிளகு மிளகாய்ப் பீ.
ஐந்து கறுத்து ஒழுகின.
ஏன் என்று தெரியவில்லை.
மாவாலையில் என்றால்
அதற்கும் ஒரு கட்டம் இருக்கும், அடையாளமிட.
ஆறு மண்நிறமாகி, ஒருநாள் முழுக்க அலைந்து,
சருகுக்கடியில் படுத்தன.

பதினாலாம் நாள் இரவு
டின்னுக்குள் ஒரு சுரண்டல்.
அதே நேரம்
வேலிக்கு வெளியே பூட்ஸ்.

நேவி. இருவர்.
"என்ன லைட்? கடல்ல தெரியுது."
விரிப்பைக் காட்டினேன்.
ஒருவன் ரோச்சை அடித்தான்.
நடுவில், செட்டையைத் தட்டையாய் விரித்தபடி,
டின்னிலிருந்தல்ல, எங்கிருந்தோ வந்த
பெரிய ஒன்று.
"இதுக்குப் பேர்?"

வாய் வரை வந்தது.
அவன் சட்டையைப் பார்த்தேன்.
பச்சையில்லை, நீலப் புள்ளிதான்,
என்றாலும்.
தெரியாது என்றேன்.

"சலபயா" என்றான்,
பிழை திருத்துகிறவன் மாதிரி.
சலபம்.
எங்கள் அகராதியிலும் ஒரு மூலையில் கிடக்கிறது
ஒருவரும் எடுக்காத அதே சொல்.
சொல்லலாம் என்று நினைத்தேன்.
அதற்குள் மற்றவன்
"லைட் ஓஃப்" என்றான்.

அணைத்தேன்.
அவர்களின் ரோச் கடற்கரைப் பாதையால் போக,
விரிப்பிலிருந்து எழும்பி
என்னுடைய எல்லாம்
அதன் பின்னால் போயின.

இருட்டில் டின்னைத் திறந்தேன்.
விரல்வழி ஏறி
முழங்கைக்கு மேலே நின்று
ஈரச் செட்டையை
மெல்ல மெல்ல இறக்கியது.
ஒரு மணித்தியாலம்
கையை அசைக்கவில்லை.
நுளம்பு கடித்தது.
பிறகு உடம்பு முழுக்க நடுங்கி,
சூடேறி,
பாரம் இல்லாமல் போனது.

காலையில் மாவாலை.
மூன்றாம் மாடி, ஒன்பது.
மனேஜர் என் கையைப் பார்த்தார்.
"என்ன அது, தூள் மாதிரி?"

மா, சேர்,
என்றேன்.